பழகுகிறார்கள், நண்பர்களாவதில்லை

கேள்வி: எனக்கு வயது 34. வேலையின் பொருட்டு வெளிநாட்டில் குடியேறி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன, தனியாக வசிக்கிறேன். இந்த நாட்டின் மொழியை முறையாகப் படித்து, அலுவலகக் கூட்டங்களில் தடையின்றிப் பேசும் அளவுக்குத் தேறியிருக்கிறேன். சக ஊழியர்கள் நல்லவர்கள். மதிய இடைவேளையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையானால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலைவரை என்னை யாரும் தேடுவதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பதியை ஒருமுறை வீட்டுக்கு அழைத்தேன். வந்தார்கள், மகிழ்ச்சியாகப் பேசினார்கள், நன்றி சொன்னார்கள். எட்டு மாதமாகியும் பதிலுக்கு அழைக்கவில்லை. புதியவர்கள் அறிமுகமாகிக்கொள்ளும் சந்திப்புகளுக்கும் வாரம் ஒன்றாகப் போய்ப் பார்த்துவிட்டேன். சொந்த மொழிக்காரர்களோடேயே இருந்தால் உள்ளூர்க்காரர்கள் நெருங்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, என் தாய்மொழி பேசும் நண்பர்களிடமிருந்தும் ஒரு வருடமாக ஒதுங்கியிருக்கிறேன். சக ஊழியர் ஒருவர் மட்டும், தான் போய்வரும் நடைப்பயணக் குழுவைப் பற்றி இரண்டு முறை சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். என்னிடம் ஏதாவது குறை இருக்கிறதா? அடுத்த ஆண்டு வேலை ஒப்பந்தம் முடிகிறது. நண்பர்களே இல்லாத இடத்தில் அதை நீட்டிப்பதில் பொருள் உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குறை இருப்பதற்கான அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. மொழியைக் கற்றிருக்கிறீர்கள், அண்டை வீட்டாரை அழைத்திருக்கிறீர்கள், முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடங்களுக்குத் தனியாகப் போகும் துணிவும் உங்களுக்கு இருக்கிறது. வெளிநாட்டில் தனிமைப்பட்டு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலருக்கு இம்மூன்றுமே கடினமாக இருக்கும். கடிதத்தில் என் கண்ணில் படுவது வேறொன்று. அலுவலகத்துக்கு வெளியே நீங்கள் மிகப் பலரை ஒரேயொரு முறை சந்தித்திருக்கிறீர்கள். யாரையும் பல முறை சந்திக்கவில்லை. முயற்சி குறையவில்லை, சிதறிவிட்டது என்பதே என் கணிப்பு. அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி, சிதறியதை ஓரிடத்தில் சேர்ப்பது எப்படி என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொடர்பியல் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைமைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அண்மையில் இடம் மாறிப் புதிய நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்த பெரியவர்களையும், பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் அவர் ஆராய்ந்தார். அறிமுகமானவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் என்ற நிலைக்கு வர ஏறத்தாழ 50 மணி நேரமும், தயங்காமல் நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் மதிப்பிட்டார். இவை சராசரிகள்தாம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு யாரும் நட்பு வளர்ப்பதில்லை. ஆனால் அதே ஆய்வில் சொல்லப்பட்ட இன்னொரு செய்தி உங்கள் வெள்ளிக்கிழமைப் புதிருக்கு விடையாக அமைகிறது: வேலையிலும் வகுப்பறையிலும் சேர்ந்திருக்கும் நேரம், நட்பாகக் கனியும் அளவில், ஓய்வில் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு ஈடாவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் அருகில் அமர்வதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதும், அங்கே பேசும் பேச்சுக்கு ஒரு வரம்பு இருப்பதும் இருபுறமும் தெரிந்தே இருக்கிறது. சக ஊழியர்களின் மதிய நேரச் சிரிப்பு பொய்யானதல்ல. அது அந்த மேசையோடு முடிந்துவிடும் வகையைச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டரை ஆண்டுகளைக் கணக்குப் பார்ப்போம். ஒரே மனிதரை வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகும். 200 மணி நேரம் சேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். வாரத்துக்கொரு புதுச் சந்திப்பு என்று போய்வந்தவர், நூறு பேரோடு ஆளுக்குச் சில நிமிடங்களைச் செலவிட்டிருப்பார். எந்த ஒருவரோடும் முதல் கட்டத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஆகவே இத்தனை காலம் முயன்றும் தோற்றுப்போனேன் என்று நீங்கள் எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. நட்பு உருவாகத் தேவைப்படும் சூழ்நிலை உங்களுக்கு இன்னும் ஒருமுறைகூட முழுமையாக அமையவில்லை.

இளமையில் அந்தச் சூழ்நிலை யாரும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. பள்ளியும் கல்லூரியும் விடுதியும் ஒரே முகங்களை நாள்தோறும் நம் முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இதன் வலிமையை அளந்து காட்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பில், லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் யார் யாரோடு நட்பாகிறார்கள் என்று விசாரித்து, முடிவுகளை 1950-இல் வெளியிட்டார்கள். வீடுகள் காலியாகும் வரிசையில் ஒதுக்கப்பட்டவை என்பதால் அண்டை வீட்டாரை யாரும் தேர்ந்தெடுத்திருக்க வழியில்லை. ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நெருங்கியவராகக் குறிப்பிட்ட விகிதம் 41 விழுக்காடாகவும், ஒரு வீடு தள்ளி இருந்தவர்களிடையே 22 விழுக்காடாகவும், தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 விழுக்காடாகவும் இருந்தது. அந்த வீடுகளுக்கிடையே இருந்த தூரம் அதிகபட்சமாகவே முப்பது மீட்டருக்கும் குறைவு. குணப் பொருத்தம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பங்கு மாடிப்படிக்கும் வாசலுக்கும் உரியது என்று எண்ணிப் பார்த்தால் சற்றே கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் நிலையில் இருப்பவருக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் குணத்தை மாற்றுவதைவிட வாசலை மாற்றுவது எளிது.

அந்நாட்டவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மனிதரின் உறவு வட்டங்களை நீண்டகாலம் ஆராய்ந்துவரும் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராபின் டன்பார், மிக நெருக்கமான உள்வட்டத்தில் ஏறத்தாழ 5 பேரும், அவர்களையும் சேர்த்து அடுத்த வட்டத்தில் 15 பேரும், அதற்கடுத்த வட்டம்வரை 50 பேரும், எல்லாரையும் சேர்த்தால் 150 பேரும் இருப்பதாகச் சொல்கிறார். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், உள்வட்டம் சிறியது என்பதை நம் அனுபவமே உறுதிப்படுத்தும். பிறந்த இடத்திலேயே வாழும் முப்பது வயதுக்காரருக்கு அந்த இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன: பள்ளித் தோழர்கள், உடன்பிறந்தவர்கள், மனைவி அல்லது கணவரின் உறவினர்கள், குழந்தைகளின் நண்பர்களுடைய பெற்றோர். உங்களுக்கு நண்பர் தேவை. அவருக்கு அந்தத் தேவை இல்லை, அல்லது இருப்பதை அவர் உணரவில்லை. தேவை ஒருபுறம் மட்டுமே இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டுதான் பலர் மனம் நொந்துபோகிறார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு கேள்வி பிறக்கிறது: வாழ்க்கையில் இடம் காலியாக இருக்கும் உள்ளூர்க்காரர்கள் யார்? அதே நாட்டின் வேறொரு பகுதியிலிருந்து வேலைக்காக அங்கே வந்து சேர்ந்தவர்கள்; பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள், அவர்களுக்கு உங்கள் நிலைமையை விளக்கவே வேண்டியதில்லை; மணவிலக்குப் பெற்றவர்கள்; அண்மையில் பணி ஓய்வு பெற்றவர்கள்; பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்ட பெற்றோர்; வெளிநாட்டவரை மணந்தவர்கள். உள்ளூர் நண்பர் என்று சொல்லும்போது உங்கள் மனத்தில் தோன்றும் உருவம் அநேகமாக உங்கள் வயதுடைய, அதே ஊரில் பிறந்து வளர்ந்த, உங்களைப் போன்ற வேலையில் இருக்கும் ஒருவராகத்தான் இருக்கும். எல்லாரிலும் நேரம் குறைவாக உள்ளவர் அவர்தான். வயது வேறுபாட்டைப் பொருட்படுத்தாதீர்கள். அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரோடு ஏற்படும் நட்பு, அந்த நாட்டைப் பற்றி உங்களுக்குக் கற்றுத்தருவதிலும், உங்களை மற்றவர்களிடம் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவதிலும், சம வயதினர் நட்பைவிட அதிகம் தரக்கூடும்.

பக்கத்து வீட்டுத் தம்பதியைப் பற்றி அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் கர்ட் லெவின், 1936-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதரின் ஆளுமையை ஒன்றையொன்று சூழ்ந்த வட்டங்களாக வரைந்து காட்டினார். அமெரிக்கர்களிடம் வெளி வட்டங்கள் பலவும் யார்க்கும் திறந்திருக்கின்றன, நடுவில் உள்ள சிறு பகுதி மட்டும் மூடியிருக்கிறது. ஜெர்மானியர்களிடம் மூடிய எல்லை வெளிப்புறத்துக்கு மிக அருகிலேயே தொடங்கிவிடுகிறது, ஆனால் அதைக் கடந்துவிட்டவருக்கு உள்ளே அதிகத் தடைகள் இல்லை என்பது அவருடைய கவனிப்பு. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இரு நாடுகளைப் பற்றிச் சொன்னதை இன்று எந்த நாட்டின்மீதும் அப்படியே ஒட்டிவிடக் கூடாது. ஒரு நாட்டில் உள்ள எல்லாரும் ஒரே வகையினரும் அல்லர். எனினும் எல்லை எங்கே இருக்கிறது என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்ற அடிப்படை உங்களுக்குப் பயன்படும். சில இடங்களில் வீட்டுக்கு அழைப்பது பழக்கத்தின் தொடக்கம். சில இடங்களில் பல ஆண்டு நட்புக்குப் பிறகே அது நடக்கும், அதுவரை எல்லாச் சந்திப்புகளும் வெளியில்தான். பின்னதைப் போன்ற இடத்தில் வாழும் தம்பதி உங்கள் அழைப்பை ஏற்று வந்ததே பெரிது. பதிலுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவர்களும் தடுமாறியிருக்கலாம். இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நம்பிக்கைக்குரிய சக ஊழியர் ஒருவரிடம், “இங்கே நண்பர்கள் வழக்கமாக எங்கே சந்தித்துக்கொள்வார்கள், எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் எப்போது போவார்” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வெளிநாட்டவர் இப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. பெரும்பாலோர் விருப்பத்தோடு விளக்குவார்கள், அந்த விளக்கமே ஓர் உரையாடலாகிவிடும்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வாரந்தோறும் வேறு வேறு சந்திப்புகளுக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதில் குறைந்தது ஓர் ஆண்டு தொடருங்கள். அந்தக் குழு சிறியதாக இருக்க வேண்டும். அதே ஆட்கள் வாரந்தோறும் வர வேண்டும். பேசுவதைத் தவிர வேறொரு வேலை அங்கே நடக்க வேண்டும். சேர்ந்து பாடும் குழு, நடைப்பயணக் குழு, நாடகக் குழு, கூட்டாகப் பயிரிடும் தோட்டம், முதலுதவித் தொண்டர்கள், விலங்குக் காப்பகத்தில் உதவுவோர், நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிப்போர் என்று எதுவாகவும் இருக்கலாம். கைக்கு வேலை இருக்கும் இடத்தில் மௌனம் சங்கடமாவதில்லை. அந்நிய மொழியில் நாலு வார்த்தை பேசிவிட்டு இடையில் சும்மா இருக்கும் உரிமையும் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. பேச்சு ஒன்றையே நம்பி நடக்கும் அறிமுகச் சந்திப்புகள், இரண்டாம் மொழியில் வாழ்கிறவருக்கு உள்ளவற்றிலேயே மிகக் கடினமான களம். அங்கே நீங்கள் சோர்ந்துபோனதில் வியப்பே இல்லை.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வேறுபட்ட மக்களிடையே நல்லுறவு வளர எவை உதவுகின்றன என்பதை 1954-இல் வகுத்துச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், சமநிலை, பொதுவான இலக்கு, கூட்டுழைப்பு, அமைப்பின் ஆதரவு ஆகிய நான்கைக் குறிப்பிட்டார். இவற்றில் சமநிலைதான் புலம்பெயர்ந்தவருக்கு எளிதில் கிடைக்காதது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவுவதற்கென்றே நடத்தப்படும் நிகழ்ச்சிகளில் நீங்கள் உதவி பெறுபவர், அவர்கள் உதவுபவர்கள். அன்பு நிறைந்திருந்தாலும் அந்த மேடு பள்ளம் மறைவதில்லை. மொழி வகுப்பில் சமநிலை உண்டு, ஆனால் அங்கே ஆசிரியரைத் தவிர உள்ளூர்க்காரர் யாரும் இருக்க மாட்டார். பாட்டுக் குழுவிலோ நீங்களும் ஒரு குரல், அவ்வளவே. கூடிய விரைவில் அந்தக் குழுவில் சிறு பொறுப்பு ஒன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்: வருகைப் பதிவு, நாற்காலிகளை அடுக்குவது, அடுத்த சந்திப்பைப் பற்றிய தகவல் அனுப்புவது, எதுவானாலும் சரி. வார இறுதியில் யாரும் தேடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுப்புள்ளவர் ஒருநாள் வராவிட்டால் தேடுவார்கள். முதலில் வேலைக்காகத் தேடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

உங்கள் சக ஊழியர் சொன்ன நடைப்பயணக் குழுவைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். மரியாதைக்காக ஒரு விஷயத்தை ஒருமுறை சொல்வார்கள். இரண்டாம் முறை சொல்கிறார் என்றால் அவருக்கு அதில் விருப்பம் இருக்கிறது என்றே கொள்ளலாம். இங்கே உளவியலாளர்கள் நன்கு அறிந்த ஒரு மயக்கமும் செயல்பட்டிருக்கிறது. எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகளில், அப்போதுதான் அறிமுகமாகிப் பேசிய இருவரிடம் தனித்தனியாகக் கேட்டபோது, மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இருவருமே குறைத்து மதிப்பிட்டார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்து வசித்தவர்களிடையே இந்தத் தவறான மதிப்பீடு பல மாதங்கள் நீடித்தது. தாய்மொழியில் பேசிக்கொண்டவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒவ்வொரு வாக்கியத்தின் இலக்கணத்தையும் மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டு பேசும் உங்களுக்கு அந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தோன்றும். நீங்கள் நினைவில் வைத்துக் குமையும் பிழையை எதிரில் இருந்தவர் கவனித்தே இருக்க மாட்டார்.

குழுவில் பழகுவது பாதி வழிதான். யாராவது ஒருவர் அந்தப் பழக்கத்தைக் குழுவுக்கு வெளியே எடுத்துச் செல்லாவிட்டால், அதுவும் அலுவலக மதிய நேரத்தைப் போலவே அங்கேயே தங்கிவிடும். தேவை உங்களுடையது என்பதால் முதல் அடியும், பல சமயம் முதல் ஆண்டின் பெரும்பாலான அடிகளும், உங்களுடையவையாகவே இருக்கும். இதைக் கணக்கு வைத்துக்கொண்டு மனம் வருந்த வேண்டாம். அழைப்பு சிறியதாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். “ஒருநாள் சந்திக்கலாமே” என்பதை எல்லா நாட்டிலும் விடைபெறும் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். “அடுத்த வியாழன் பயிற்சிக்கு முன்பு அரை மணி நேரம் சீக்கிரம் வருவேன், நேரமிருந்தால் வாருங்கள், பேசிக்கொண்டிருப்போம்” என்பதில் நாளும் இருக்கிறது, எப்போது முடியும் என்பதும் தெரிகிறது, மறுப்பவருக்கும் சிரமம் இல்லை. முடியாது என்று சொல்பவர் தானாகவே வேறொரு நாளைச் சொன்னால் அது நல்ல அறிகுறி. மூன்று முறை கேட்டும் வேறு நாள் எதுவும் சொல்லாமல் மறுத்தால், பகை பாராட்டாமல் உங்கள் நேரத்தை இன்னொருவர் பக்கம் திருப்புங்கள். பக்கத்து வீட்டுத் தம்பதியிடமும் இன்னொரு விருந்து என்று போகாமல், வாசலில் பார்க்கும்போது ஒரு சிறு நடைக்குக் கூப்பிடுவது போதும்.

உதவி கேட்கவும் தயங்காதீர்கள். வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் கௌரவமானதுதான், ஆனால் நெருங்கி வர விரும்புகிறவருக்கு அது எந்த வாசலையும் விட்டுவைப்பதில்லை. ஜெக்கர், லாண்டி என்ற இரு ஆய்வாளர்கள் 1969-இல் நடத்திய சோதனையில், போட்டியில் வென்ற பணத்தை, அது தன் சொந்தப் பணம் என்றும் தனக்கு உதவியாகத் திருப்பித் தர முடியுமா என்றும் ஆய்வாளரே நேரில் கேட்டுப் பெற்றுக்கொண்ட குழுவினருக்கு, அவ்வாறு கேட்கப்படாதவர்களைவிட அவர்மீது அதிக விருப்பம் இருந்தது. உதவி செய்தவருக்கு உதவி பெற்றவரிடம் ஒரு பிடிப்பு உண்டாகிவிடுகிறது. வந்திருக்கும் அரசுக் கடிதம் ஒன்றின் பொருளை விளங்கிக்கொள்வதற்கும், நல்ல பல் மருத்துவரைக் கேட்டறிவதற்கும், ஏணியை ஒரு மணி நேரம் இரவல் வாங்குவதற்கும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம். சிறிய உதவியாக இருக்க வேண்டும், ஏணி சொன்ன நேரத்தில் திரும்ப வேண்டும்.

மொழியைப் பற்றி நீங்கள் எதுவும் முறையிடவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. கூட்டத்தில் பேசத் தெரிந்தவருக்கு நண்பர்களின் அரட்டை புரியும் என்று சொல்ல முடியாது. அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசுகிறார். அரட்டையில் நால்வர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார்கள், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தொலைக்காட்சி நிகழ்ச்சியை நினைத்துச் சிரிக்கிறார்கள். புரியாமலே சேர்ந்து சிரிக்கும் பழக்கம் உங்களுக்கு வந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். “இது எனக்குப் புரியவில்லை, சொல்லுங்கள்” என்று கேட்பவரிடம்தான் அவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆறு பேர் கூடும் இடத்தைவிட இருவரோ மூவரோ சந்திக்கும் இடத்தை நாடுங்கள். அந்நிய மொழியில் நம் நகைச்சுவையும் கூர்மையும் மங்கிப்போய், சற்று மந்தமான ஒருவராக நாம் வெளிப்படுகிறோம் என்பது உண்மை. அதை ஈடுசெய்ய எப்போதும் இனிமையானவராக மட்டுமே இருந்துவிடுவது பலர் விழும் குழி. எதையும் மறுக்காத, எதிலும் தனிக் கருத்தில்லாத ஒருவரை எல்லாருக்கும் பிடிக்கும், யாருக்கும் நெருக்கமாகத் தோன்றாது. உங்கள் சொந்த நாட்டைப் பற்றிய கேள்விகளுக்கே மாலை முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேர்ந்தால், இரண்டு பதிலோடு நிறுத்தி, எதிரில் இருப்பவரின் வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு தேசத்தின் பிரதிநிதியோடு யாரும் நட்பாக முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே பகுதி, தாய்மொழி நண்பர்களிடமிருந்து ஒதுங்கியதுதான். அந்த அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது, அது தவறானது. அயல்நாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களை ஆராய்ந்த ஸ்டீஃபன் பாக்னரும் சக ஆய்வாளர்களும், அவர்களுக்கு மூன்று தனித்தனி வட்டங்கள் இருப்பதை 1977-இல் விளக்கினார்கள். சொந்த நாட்டவர் வட்டம் தன் பண்பாட்டோடுள்ள பிணைப்பைக் காக்கிறது. உள்ளூர்க்காரர்களின் வட்டம் படிப்பிலும் நடைமுறைக் காரியங்களிலும் கைகொடுக்கிறது. பிற நாடுகளிலிருந்து வந்தவர்களின் வட்டம் பெரும்பாலும் பொழுதுபோக்குக்கும் தோழமைக்கும் உதவுகிறது. ஒன்றின் வேலையை இன்னொன்று முழுமையாகச் செய்துவிட முடியாது. உள்வட்டத்தை நீங்களே காலி செய்துவிட்டு, அந்த இடத்தை உள்ளூர் நட்பு உடனே நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்த்ததால்தான், ஒரு சாதாரண மறுப்புகூட உங்களை இவ்வளவு காயப்படுத்துகிறது. தேவையின் கனம் எதிரில் இருப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே இந்த வாரமே பழைய நண்பர்களில் ஒருவரை அழைத்துப் பேசுங்கள். இத்தனை நாள் கழித்து எப்படிப் பேசுவது என்ற தயக்கம் வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் விசாரிப்பை, அனுப்புபவர் எதிர்பார்ப்பதைவிடப் பெறுபவர் அதிகம் மதிக்கிறார் என்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது. கூடும்போதெல்லாம் அந்நாட்டு மக்களைக் குறை சொல்வதையே பேச்சாகக் கொண்ட குழுவாக இருந்தால் மட்டும், குழுவை விட்டு அதில் உள்ள நல்ல இருவரைத் தனியே சந்தியுங்கள். மொழி வகுப்பில் பழகிய பிற நாட்டினரையும் இரண்டாம் தரமாக எண்ண வேண்டாம்.

எல்லாவற்றையும் பண்பாட்டு வேறுபாடு என்று சொல்லி மழுப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. நிறத்தையும் பிறப்பையும் பார்த்து விலகுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஒதுக்கம் வேறு, இகழ்ச்சி வேறு. எல்லாரிடமும் அளவோடு பழகுகிறவர் முன்னதைச் சேர்ந்தவர், மற்ற புதியவர்களை வரவேற்றுவிட்டு உங்களை மட்டும் தவிர்ப்பவரோ உங்கள் உச்சரிப்பைக் கேலி செய்பவரோ பின்னதைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவரின் மனத்தை வெல்வது உங்கள் கடமையல்ல. அந்த நேரத்தை நான் மேலே சொன்ன ஐம்பது மணிக் கணக்கில் வேறொருவர் பெயரில் சேர்த்துவிடுங்கள்.

தூக்கம் கெட்டு, பசி மாறி, பிடித்த வேலைகளிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் நாட்கள் நகர்ந்தால், அது தனிமை என்பதைத் தாண்டிய நிலையாக இருக்கக்கூடும். நண்பர்கள் கிடைக்கும்வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். முடிந்தால் உங்கள் தாய்மொழியில் பேசக்கூடிய உளநல ஆலோசகரிடம், காணொளி வழியாகவேனும் பேசுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நண்பர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, அது உங்களை எங்கே கொண்டுசெல்கிறது, ஊரில் உள்ள குடும்பத்துக்கு நீங்கள் அருகில் இருக்க வேண்டிய தேவை எவ்வளவு என்பவற்றை முதலில் தனியாக எழுதிப் பாருங்கள். நீட்டிக்கும் முடிவைத் தெரிவிக்க வேண்டிய கடைசி நாள் எது என்பதை மேலாளரிடம் கேட்டு அறிந்துகொண்டு, அதற்கு ஒரு மாதம் முன்புவரை ஒரே குழுவில் தொடர்ந்து போய்வாருங்கள். அந்தக் காலத்துக்குள் நெருங்கிய நண்பர் கிடைத்துவிட மாட்டார், அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. குழுவில் இருப்பவர்களில் இருவரையாவது குழுவுக்கு வெளியே சந்தித்திருக்கிறீர்களா, அவர்களில் ஒருவராவது ஒருமுறை தானாக உங்களை அழைத்தாரா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், நண்பர்கள் இல்லை என்ற காரணத்துக்காக அந்த இடத்தை விட்டு வர வேண்டியதில்லை. இல்லை என்றால், வேலையும் குடும்பமும் என்ன சொல்கின்றனவோ அதன்படி முடிவெடுங்கள்; உங்களிடம் குறை என்ற வரியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.